பின்னறையில் வீச்சம்

ஜூன் 9, திங்கள்

என் மனைவி மங்கையர்க்கரசி இன்று ஒரு புகார் தெரிவித்தாள். எழுத்து வடிவில் அல்ல; நான் மோர்ச்சோறு உண்டுகொண்டிருக்கையில், வாய்மொழியாக. பின்னறையில் இணையம் அறுந்து அறுந்து வருகிறதாம். வகுப்பின் நடுவே குழந்தைகளின் முகங்கள் உறைந்துவிடுகின்றனவாம். ஆகவே கூடத்தில் என் மேசைமீது இருக்கும் திசைவியை நடைக்கு மாற்ற வேண்டுமாம்.

‘திசைவி’ என்பது என் சொல். அவள் சொன்னது ‘அந்த டப்பா’. தமிழில் முதுகலைப் பட்டம் பெற்றவள்.

வகுப்பு என்று அவள் குறிப்பிடுவது, ஆஸ்திரேலியாவில் வாழும் தமிழ்க் குழந்தைகள் சிலருக்குக் கணினி வழியே அணில், ஆடு, இலை என்று கற்பிக்கும் பணியை. அதை நடத்தும் நிறுவனம் இம்மாத இறுதிவரை அவளைச் சோதனை முறையில் வைத்திருக்கிறது. ஒரு நாள் மேற்பார்வையாளர் ஒருவர் வகுப்பில் இணைந்து கவனிப்பார். நிறைவளிக்கவில்லை என்றால் வகுப்பு வேறொரு பெண்மணிக்குப் போய்விடும். அணிலுக்காக இவ்வளவு கலங்கத் தேவையில்லை என்றேன்.

“அணிலுக்காக இல்லைங்க. எனக்கு வேணும் இந்த வேலை.”

ஏன் என்று அவள் விளக்கவில்லை. நானும் வினவவில்லை. தணிக்கைத் துறையில் பணியாற்றி, கடந்த மார்ச்சில் விருப்ப ஓய்வு பெற்றவன் நான். காரணம் கண்டறியாமல் ஒரு பொருளை இடம்மாற்றும் வழக்கம் எனக்கில்லை. ஆய்வு செய்து அறிக்கை தருகிறேன் என்றேன்.

“அறிக்கையெல்லாம் வேணாங்க. டப்பாவைத் தள்ளி வெச்சாப் போதும்.”

நாடு இப்படித்தான் நடக்கிறது. எதையாவது தள்ளி வைத்தால் போதும் என்று எல்லாரும் நினைக்கிறார்கள்.

ஜூன் 10, செவ்வாய்

முற்பகல் முழுதும் ஆய்வு. உலகம் ‘வைஃபை’ என்று பிதற்றும் அருகலையைப் பற்றி இணையத்தில் எழுதுவோரில் பெரும்பாலோர் ஒரு வாக்கியத்தை முடிக்கத் தெரியாதவர்கள். அந்தக் குப்பையைக் கிளறி எடுத்த உண்மைகள் சொற்பம். அலை, தொலைவு கூடக் கூட மெலிகிறது. செங்கற்சுவர் அதைப் பாதியாக்குகிறது. கான்கிரீட் அதனினும் கொடிது. உலோகம் அதைத் திருப்பி அடிக்கிறது. நீர் அதை விழுங்குகிறது. முகம் பார்க்கும் கண்ணாடியின் பின்பூச்சும் உலோகமே ஆதலால் அதுவும் பகை. அண்டை வீட்டார் அத்தனை பேரின் திசைவிகளும் ஒரே தடத்தில் கூச்சலிடுவது வேறு. இந்த அடுக்ககத்தாரின் கூட்டம் நடக்கும் இலட்சணத்தை அறிந்தவர்களுக்கு அதில் வியப்பிராது.

கைப்பேசியை ஏந்தி வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினேன். இந்த வீட்டில் அலை எட்டுவதற்கு மிகக் கடினமான இடம் எது என்று ஓர் இயற்பியலாளரைக் கேட்டால் அவர் எந்த மூலையைச் சுட்டுவாரோ, சரியாக அந்த மூலையில்தான் மங்கையர்க்கரசி நாற்காலியைப் போட்டிருக்கிறாள். இடையே இரண்டு சுவர்கள். அவற்றுக்கு நடுவே ஓடு பதித்த கழிப்பறையும் அதன் குழாய்களும். போதாக்குறைக்கு, ஆளுயரக் கண்ணாடி பொருத்திய இரும்பு பீரோ. பின்னறையில் ஜன்னலோரம் நின்ற அந்த பீரோ இப்போது கூடத்துப் பக்கச் சுவரை அணைத்து நிற்கிறது. தரையில் இழுத்த கீறல் புதிது. தனியாளாக இழுத்திருக்கிறாள். வாஸ்துப் பைத்தியம், வேறென்ன.

எல்லாவற்றுக்கும் மேலாக, வகுப்பு நேரத்தில் கதவை மூடிவிடுகிறாள். மூடிய கதவும் ஒரு தடை என்பதை எடுத்துரைத்தேன்.

“கதவைத் திறந்து வெச்சாலே வலிமை கொஞ்சம் கூடும்.”

“திறந்து வைக்க முடியாதுங்க.”

“காரணம்?”

“சத்தம் வரும்.”

“என்ன சத்தம்? வீட்ல இருக்கறது நான் ஒருத்தன்தானே.”

“அதாங்க,” என்று சொல்லிவிட்டுக் கீரை ஆயப் போய்விட்டாள்.

கேட்ட கேள்விக்கு இது விடையாகாது.

ஜூன் 11, புதன்

எரிவாயு உருளை வந்தது. கொணர்ந்தவன் எடை போட்டுக் காட்ட மறுத்தான். போட வைத்தேன். எடை சரியாக இருந்தது. ஏமாற்றமே.

ஜூன் 13, வெள்ளி

இணைப்பு நிறுவனத்திலிருந்து ஜெபராஜ் என்ற இளைஞர் வந்தார். இளைஞர் என்பது மரியாதைக்கு. மீசை மட்டும் முதிர்ந்திருந்தது. திசைவியின் வீச்சம் பின்னறையை எட்டவில்லை என்று நிலைமையை விளக்கினேன்.

“திசைவின்னா சார்?”

காட்டினேன்.

“ரௌட்டரா. அப்படிச் சொல்லுங்க. நான் ஏதோ சாமி பேருன்னு நெனச்சுட்டேன்.”

பிறகு அவர் நிகழ்த்திய அறிவியல் ஆய்வு இதுதான்: திசைவியை அணைத்தார், பத்து வரை எண்ணினார், மீண்டும் போட்டார். அதன்பின் ஜன்னல் வழியே எதிர் வீட்டை நோட்டமிட்டு, அங்கே மீன்தொட்டி இருப்பதாகவும், தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடும் என்றும், கோளாறு அதனாலேதான் என்றும் தீர்ப்பளித்தார். மீன்தொட்டி கிழக்கே தெருவுக்கு அப்பால் இருக்கிறது. பின்னறை மேற்கே. எந்த அலையும் தெருவைக் கடந்து மீனைப் பார்த்துவிட்டுப் பின்னறைக்குப் போவதில்லை என்றேன். அவர் மனம் புண்பட்டதாகத் தெரியவில்லை.

“அப்ப மனுசங்கதான் சார். மனுச உடம்பு பூரா தண்ணிதானே. குறுக்க யாராச்சும் உக்காந்திருந்தாலே அடைக்கும்.”

குறுக்கே யாரும் உட்காருவதில்லை என்று பதிவு செய்தேன். திசைவிக்கும் கூடத்துச் சுவருக்கும் இடையே இருப்பது என் நாற்காலி மட்டும்.

இதற்குள் மங்கையர்க்கரசி காபியோடு வந்தாள். அவர் அவளிடம், “ஏம்மா, இந்த ஹால்லயே உக்காந்து கிளாஸ் எடுக்கலாம்ல? இங்க ஜம்முனு வருதே,” என்றார்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. “காபி ஆறுது, குடிங்க தம்பி,” என்றாள்.

இங்கே ஒரு விவரத்தைப் பதிவு செய்வது முறை. பயிற்சிக் காலத்தில் அவள் கூடத்து உணவு மேசையில்தான் வகுப்பெடுத்தாள். நான் ஓய்வு பெற்றபின் என் மேசையும் கூடத்துக்கு வந்தது. வெளிச்சம் இங்கேதான் நன்றாக இருக்கிறது. ஒரு நாள் அவள் ‘அணில் பழம் தின்றன’ என்றாள். அவள் பின்னால் நின்று, ‘தின்றது’ என்று திருத்தினேன். ஒரே சொல். குழந்தைகள் சிரித்தன. பிறகு விசாரித்ததில், பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லி வேண்டுமென்றே தவறாகச் சொன்னாளாம். அதை முன்கூட்டியே எனக்குத் தெரிவித்திருக்க வேண்டும். மறுநாள் அவள் தன் நாற்காலியைப் பின்னறைக்கு மாற்றிக்கொண்டாள். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக நான் கருதவில்லை.

ஜூன் 16, திங்கள்

தீர்வு கண்டேன். திசைவி இருக்குமிடத்திலேயே இருக்கும். கூடத்திலிருந்து பின்னறைக்கு ஒரு கம்பி. சுவரைத் துளைக்க வேண்டியதில்லை. கழிப்பறையை ஒட்டி மாடி முதல் தரை வரை ஓடும் பொதுக் குழாய்ப் புழை வழியாகவே கொண்டு போகலாம். புழை பொதுச் சொத்து ஆதலால் அடுக்ககச் சங்கத்தின் இசைவு தேவை. செயலர் கோதண்டபாணிக்குத் தூய தமிழில் ஒரு விண்ணப்பம் வரைந்தேன்:

‘எம் இல்லத்தின் பின்னறையில் வீச்சம் தொடர்பாக நெடுநாளாக இடர்ப்பாடு நிலவுகிறது. கழிப்பறையை ஒட்டிய பொதுக் குழாய்ப் புழை வழியே கம்பி செலுத்துவதே இதற்குத் தீர்வு. குடும்பத்தாரின் அன்றாடப் பணி பாதிக்கப்படுவதால் விரைந்து ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன்.’

சுருக்கம், தெளிவு, பிறமொழிக் கலப்பின்மை. மங்கையர்க்கரசிக்குப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்ததும் அவள் வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள்.

“‘வீச்சம்’னு போடாதீங்க. ‘வீச்சு’ன்னு மாத்திருங்க.”

“அகராதியில ரெண்டும் இருக்கு.”

“அகராதியைப் படிச்சுட்டா வர்றாரு கோதண்டபாணி?”

மாற்றவில்லை. படிப்பவரின் தகுதிக்கு ஏற்ப எழுதுபவன் தாழ்ந்துகொண்டே போனால் மொழி என்னாவது.

ஜூன் 17, செவ்வாய்

மேற்பார்வையாளர் வியாழன் பதினொன்றரை மணி வகுப்புக்கு வருகிறாராம். மங்கையர்க்கரசி அணில் படங்களை வெட்டி அட்டையில் ஒட்டிக்கொண்டிருந்தாள். உணவில் உப்பில்லை. சுட்டிக்காட்டினேன். உப்புக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு மீண்டும் வெட்டத் தொடங்கினாள்.

ஜூன் 19, வியாழன்

இன்று நிகழ்ந்ததை வரிசை பிறழாமல் எழுதுகிறேன்.

பதினொன்றரைக்கு வகுப்பு தொடங்கியது. கதவு மூடப்பட்டது. சற்று நேரத்தில் அழைப்பு மணி. வெளியே கோதண்டபாணி, கைக்குட்டையை மூக்கருகே பிடித்தபடி. அவர் பின்னால் சூசை என்றொரு பணியாளர், நீளமான வளைகம்பியோடு.

“எந்தப் பக்கம் சார்?” என்றார் கோதண்டபாணி.

“எது?”

“அதான் சார், வீச்சம்.”

சந்தைக்கடைத் தமிழைத் தவிர வேறெதுவும் அறியாத ஒருவர் வாயிலிருந்து அந்தச் சொல் பிழையின்றி வந்ததில் ஒரு கணம் நெஞ்சு நிறைந்தது. விண்ணப்பத்தைப் படித்திருக்கிறார், ஆளை மட்டும் அனுப்பாமல் தாமே அழைத்து வந்திருக்கிறார், சூசையின் கையிலிருந்த கம்பி, புழைக்குள் என் கம்பியை இழுப்பதற்கான கருவி என்று கொண்டேன். கழிப்பறைக்குப் பின்னறை வழியாகத்தான் செல்ல வேண்டும். கதவை நானே திறந்தேன்.

சூசை அறை நடுவே நின்று மூச்சை இழுத்தார். “நாத்தம் ஒண்ணும் தெரியலையே சார்.”

“ஊதுவத்தி ஏத்தியிருக்காங்கல்ல. அதுல அமுங்கியிருக்கும். உள்ள போய்ப் பாரு,” என்றார் கோதண்டபாணி.

அப்போதுதான் நிலைமை எனக்கு விளங்கியது. இது நாற்றமன்று, அலையின் வீச்சம் என்று விளக்கினேன்.

“ஆமா சார், அலை அலையாத்தான் வரும். எங்க வீட்லயும் மத்தியானமானா தாங்காது.”

சூசை கழிப்பறைக்குள் போய்க் கம்பியைக் குழாயில் செருகிக் குத்தத் தொடங்கினார். அந்த ஓசையை எழுத்தில் தர இயலாது. நான் அகராதியை எடுத்து வந்து, கோதண்டபாணியை நிறுத்தி வைத்து, ‘வீச்சம்’ என்ற சொல்லின் பொருள்களைப் படித்துக் காட்டினேன். முதற்பொருளாக அங்கே நாற்றமே தரப்பட்டிருந்தது. அகராதிக்காரர்களின் வரிசை முறையில் எனக்கு நெடுநாளாகவே உடன்பாடில்லை.

“நீங்களே படிச்சுட்டீங்களே சார். அப்புறம் ஏன் என்னைத் திட்டுறீங்க?” என்றார் கோதண்டபாணி.

நான் நின்றிருந்த இடம் மங்கையர்க்கரசியின் நாற்காலிக்குப் பின்புறம் என்பதைத் திரை காட்டிற்று. திரையில் குழந்தைகள் வரிசையாக இருந்தன. அவற்றோடு கண்ணாடி அணிந்த ஒரு பெண்மணி; ஏதோ குறித்துக்கொண்டிருந்தார்.

“மிஸ், அந்த அங்கிள் என்ன தேடுறாங்க?” என்றது ஒரு குழந்தை.

“ஒண்ணும் இல்லடா கண்ணா. அணில் எங்க ஏறிச்சுன்னு சொல்லுங்க பாப்போம்,” என்றாள் மங்கையர்க்கரசி. அவள் திரும்பவில்லை. அட்டையைத் திரைக்கு இன்னும் நெருக்கமாகப் பிடித்தாள். குழாயிலிருந்து வந்த ஓசையில் குழந்தைகள் எல்லாம் ஒருசேரச் சிரித்தன. அவள் கணினியை மூடினாள்.

ஒன்றைக் குறிப்பிட்டாக வேண்டும். இவ்வளவு நேரமும் இணைப்பு ஒருமுறைகூட அறுபடவில்லை. கதவு திறந்திருந்தமையே காரணம். என் கூற்று மெய்ப்பிக்கப்பட்டது.

அவர்கள் போனபின் அவள் சொன்னது ஒன்றுதான்: “‘வீச்சு’ன்னு போடச் சொன்னேன்.”

தமிழ்நாட்டில் தமிழில் எழுதினால் சாக்கடைக் குழாய் குத்த வருகிறார்கள். இதைச் செய்தித்தாளுக்கு எழுத வேண்டும்.

ஜூன் 20, வெள்ளி

காலையிலிருந்து மங்கையர்க்கரசி பேசவில்லை. இட்லி வழக்கம்போல் இருந்தது. சட்னி இரண்டு வகை. பேசாதிருப்பவள் ஏன் இரண்டு வகைச் சட்னி அரைக்க வேண்டும் என்பது புரியவில்லை.

அடுக்ககத்தின் வாட்ஸாப் குழுவில் நேற்றிரவு கோதண்டபாணி, எங்கள் வீட்டு எண்ணைப் போட்டு, ‘வீச்சம் சரி செய்யப்பட்டது’ என்று அறிவித்திருக்கிறார். விளைவாக மாடி வீட்டு சபுரா பீவி இறங்கி வந்தார். மகன் துபாயில், தனியாக வாழ்பவர், தனிமையில் வாழ்பவர்களுக்குரிய உரத்த குரல்.

“என்னண்ணே, பாத்ரூம்ல ஒரே நாத்தமாமே? சரியாகுற வரைக்கும் நம்ம வீட்ல வந்து குளிச்சுக்குங்க.”

நாற்றம் எதுவும் இல்லை என்று நான் தொடக்கத்திலிருந்து விளக்கினேன். அலை, தடை, திசைவி என்று நான் சொல்லிக்கொண்டிருக்கையில் அவர் நடுவிலேயே சமையலறைக்குள் போய்விட்டார். அங்கே மங்கையர்க்கரசி பேசுவது கேட்டது. காலையிலிருந்து என்னிடம் பேசாதவள், அவரிடம் மடமடவென்று பேசினாள். கதவு மூடியிராததால் தெளிவாகவே கேட்டது.

“அந்தம்மா நல்லவங்க போல. திங்கக்கிழமை இன்னொரு தடவை பாக்குறேன், அதுதான் கடைசின்னுட்டாங்க.”

“அப்ப மேல வந்துரு மங்கை. மவன் போட்டுக் குடுத்த லைன் சும்மாதான் கெடக்குது. நான் ஒரு மூலையில பூண்டு உரிச்சுக்கிட்டு இருப்பேன். வாயத் தொறக்க மாட்டேன்.”

“நீங்களா?” என்றாள் மங்கையர்க்கரசி. இருவரும் சிரித்தார்கள்.

பணிக்குரிய இடம் பணியாளரின் சொந்த இல்லமாக இருத்தல் வேண்டும் என்று நிறுவனத்தின் விதிகளில் இருக்கக்கூடும் என்பதைச் சமையலறை வாயிலில் நின்று தெரிவித்தேன். அப்படி எதுவும் இல்லையாம். படித்துப் பார்த்துவிட்டாளாம். விதிகளைப் படிக்கும் பழக்கம் அவளுக்கு எப்போது வந்தது.

ஜூன் 23, திங்கள்

பதினொரு மணிக்குக் கணினியையும் அட்டைகளையும் எடுத்துக்கொண்டு மேலே போனாள்.

அந்த நேரத்தில் ஓர் ஆய்வு செய்தேன். நம் திசைவியின் அலை மேல்தளத்தை எட்டுகிறதா என்று படிக்கட்டில் நின்று பார்த்தேன். எட்டவில்லை. கான்கிரீட் தளம், எதிர்பார்த்ததே. ஆனால் ஒலி எட்டுகிறது. சபுரா பீவியின் வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது. ‘அணில் எங்க?’ என்று ஒரு குரல் கேட்டது. அவ்வளவு உரத்த குரல் மங்கையர்க்கரசிக்கு உண்டு என்பதை நான் அறிந்திருக்கவில்லை. மாவு அரைக்கும் இயந்திரத்தின் மேலோங்கிப் பேச வேண்டியிருந்தால் மட்டுமே அவள் குரல் உயரும் என்று கருதியிருந்தேன்.

ஒரு மணிக்குத் திரும்பினாள். துண்டிப்பு ஏதும் உண்டா என்று கேட்டேன்.

“இல்லைங்க.”

“ஒரு தடவைகூட?”

“ஒரு தடவைகூட.”

மகிழ்ச்சிதான். என்றாலும் ஒரு நாள் விளைவை வைத்து முடிவுக்கு வருவது முறையன்று என்றேன்.

ஜூன் 27, வெள்ளி

பணி உறுதியாயிற்று. கூடுதலாக மாலையில் ஒரு வகுப்பும் கொடுத்திருக்கிறார்களாம். செய்தியை அவள் முதலில் மாடிக்குச் சொல்லிவிட்டு, பிறகு என்னிடம் சொன்னாள். சபுரா பீவி வட்டலப்பம் செய்து அனுப்பினார். இனிப்பு மிகை, முட்டையும் மிகை. இரண்டு கிண்ணம் உண்டேன்.

வாழ்த்துச் சொன்னேன். ‘வாழ்த்துகள்’ என்பதில் ஒற்று மிகாது என்பதையும், கோதண்டபாணி குழுவில் ‘வாழ்த்துக்கள்’ என்று எழுதியிருப்பதையும் சுட்டினேன்.

“தெரியுங்க,” என்றாள்.

ஜூன் 30, திங்கள்

ஜெபராஜை மீண்டும் அழைத்தேன். திசைவி இப்போது நடையில், சமையலறை வாயிலுக்கு மேல், வீட்டின் நடுப்புள்ளியில் இருக்கிறது. சுவரில் துளையிட நேர்ந்தது. அறிவியல் கோணத்தில் பார்த்தால் இதுவே உகந்த இடம் என்பதை நான் சுயமாகக் கண்டறிந்தேன்; பிறர் சொன்னதோடு அது ஒத்துப்போவது தற்செயல். காவலாளியின் துணையோடு பீரோவையும் ஜன்னலோரத்துக்கே தள்ளினேன். என் மேசையை முன்னறைக்கு மாற்றிக்கொண்டேன். கூடத்தில் காலை வெயில் கண்ணைக் கூச வைக்கிறது.

எல்லா அறைகளிலும் அளந்தேன். பின்னறையில், கதவை மூடியும் பார்த்தேன், வலிமை குறையவில்லை. மங்கையர்க்கரசியிடம் தெரிவித்தேன்.

“இனி நீ மேல போக வேண்டியதில்லை. பின்னறையில முழுசா வருது. கதவை மூடிக்கலாம்.”

“சரிங்க.”

“கூடத்துல உக்காந்தாலும் சரி. நான் முன்னறைக்குப் போயிட்டேன்.”

அவள் காலியாகக் கிடந்த கூடத்தைச் சற்று நேரம் பார்த்தாள். என் மேசைக்கால்கள் தரையில் பதித்த தடத்தையும் பார்த்தாள். பிறகு கணினியை எடுத்துக் கையில் இடுக்கிக்கொண்டாள்.

“ரசம் அடுப்புல இருக்கு. நுரை கட்டினதும் எறக்கிருங்க, கொதிக்க விட்றாதீங்க. கிளாஸுக்கு நேரமாச்சு.”

“மேலயா?”

“அங்க பழகிடுச்சுங்க,” என்றாள். கோபமாக அல்ல. பேருந்துக்கு நேரமாகும்போது அடுத்த வீட்டாரிடம் சொல்வதுபோல.

ரசம் கொதித்துவிட்டது.

ஜூலை 3, வியாழன்

அவள் காலை வகுப்புக்கும் மாலை வகுப்புக்கும் மேலே போய்விட்டு இருட்டுவதற்குள் வந்தாள். சோறு பரிமாறினாள். ‘பாய்’ என்ற சொல்லைக் கேட்ட ஒரு குழந்தை, படுக்கிற பாயா, பாய்ந்து ஓடு என்கிற பாயா என்று கேட்டதாம். சபுரா பீவி பூண்டை எறிந்துவிட்டு, ‘துபாய்ல எங்க வீட்டுப் பாயும் ஒருத்தரு இருக்காரு’ என்று மகனைச் சொன்னாராம். இதைச் சொல்லும்போது அவளுக்குச் சிரிப்பில் புரையேறிற்று. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அச்சொல்லுக்கு நான்காவது பொருளும் உண்டு. நான் சொல்லவில்லை.

திசைவியைக் கண்காணிக்க ஜெபராஜ் என் கைப்பேசியில் ஒரு செயலியை ஏற்றித் தந்திருக்கிறார். தமிழிலும் கிடைக்கிறது. பகலில் அவள் மேலே இருந்தபோது திறந்து பார்த்தேன். வலிமை: மிக நன்று. இடையூறு: இல்லை. இணைந்துள்ள கருவிகள்: 1.

மொழிபெயர்த்தவன் மூடன். ஒன்றே ஒன்று இருக்கும்போது ‘கருவிகள்’ என்று பன்மையில் எழுதுவது பிழை. அணைத்து, மீண்டும் போட்டுப் பார்த்தேன். அப்படியேதான் காட்டுகிறது.